சிற்பமாக ஒரு இரும்பு கேட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அச்சில் வார்த்த ஈட்டிமுனையும் பட்டியலில் பார்த்துத் தேர்ந்த பூ டிசைனும் வேண்டாம், இந்த வாசலுக்கென்றே ஒரு கேட் வேண்டும், அது ஒரு சிற்பமாக நிற்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்காகவும், அதைச் செய்யப் போகும் பட்டறைக்காரர்களுக்காகவும் இந்தப் பக்கம். கணக்குகளுக்கு எல்லா இடத்திலும் ஒரே உதாரணத்தை எடுத்திருக்கிறோம்: 12 அடி வாசல், இரண்டு கதவுகள், ஒவ்வொன்றும் 1.8 மீட்டர் அகலம், 2.1 மீட்டர் உயரம்.

டிசைன் கேட்டுக்கும் சிற்ப கேட்டுக்கும் என்ன வித்தியாசம்?

வழக்கமான கேட்டில் முதலில் சட்டம் போடுவார்கள், பிறகு உள்ளே பூவையும் சுருளையும் நிரப்புவார்கள். அந்தப் பூவை வெட்டி எடுத்துவிட்டாலும் கேட் அப்படியே நிற்கும். சிற்ப கேட்டில் உருவமே எடையைச் சுமக்கிறது. மரத்தின் அடிமரம்தான் கீல் மாட்டும் தூண், கிளைதான் குறுக்குச் சட்டம். அமெரிக்கக் கொல்லர் ஆல்பர்ட் பேலி 1974-இல் வாஷிங்டன் ரென்விக் காட்சியகத்துக்குச் செய்த கதவுகளை இதற்குச் சொல்லலாம். இரும்பு, பித்தளை, செம்பு, வெண்கலம் நான்கும் கொடிபோலப் பின்னி ஓடும். எது சட்டம், எது அலங்காரம் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இதற்கு எதிர் உதாரணம் பிரெஞ்சுச் சிற்பி ரொடானின் 'நரகத்தின் வாயில்'. 1880-இல் பாரிஸில் வரவிருந்த ஓர் அருங்காட்சியகத்துக்குக் கதவாகச் செய்யச் சொன்னார்கள். கட்டடம் வரவே இல்லை. ரொடான் 1917-இல் இறக்கும்வரை அதில் வேலை செய்தார், வெண்கலத்தில் வார்த்தது அதற்குப் பிறகுதான். ஏறக்குறைய 6 மீட்டர் உயரத்தில் நிற்கும் மகத்தான படைப்பு, ஆனால் அது திறக்காது. உங்கள் கேட் ஒரு நாளைக்குப் பத்து முறை திறந்து மூட வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அந்த ஒரு காரணத்தால்தான்.

முதலில் படம் வரையலாமா, கீலை முடிவு செய்யலாமா?

கீலை. கேட் தூணை எவ்வளவு இழுக்கும் என்பது தெரியாமல் வரைந்த படத்தைப் பாதி வேலையில் மாற்ற வேண்டி வரும்.

கணக்கு எளிது. கதவின் எடையை அதன் அகலத்தில் பாதியால் பெருக்கி, மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் உள்ள தூரத்தால் வகுக்க வேண்டும். 150 கிலோ கதவு, 1.8 மீட்டர் அகலம், கீல்களுக்கு நடுவே 1.5 மீட்டர் என்றால், 150 × 0.9 ÷ 1.5 = 90 கிலோ. மேல் கீலை அந்த விசை தூணிலிருந்து வெளியே பிடுங்கும், கீழ்க் கீலை அதே விசை தூணுக்குள் அழுத்தும். கீல்களை 1 மீட்டர் தூரத்தில் வைத்தால் அதே கதவு 135 கிலோவுக்கு இழுக்கும். இரண்டு கதவை ஒன்றாக்கி 3.6 மீட்டர் ஒற்றைக் கதவாகச் செய்தால் எடை 300 கிலோ, இழுப்பு 360 கிலோ. அகலம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு.

ஆகவே மேல் கீல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பார்சிலோனாவின் பெத்ரால்பெஸ் பகுதியில், குயெல் பண்ணை வாசலில் கட்டடக் கலைஞர் அந்தோனி கௌதி அமைத்த டிராகன் கேட் (1884–87 காலத்து வேலை) இதை அழகாகக் காட்டுகிறது. சுமார் 5 மீட்டர் அகல ஒற்றைக் கதவு, உயரமான ஒரு செங்கல் தூணில் தொங்குகிறது. கதவு சமமான செவ்வகம் இல்லை. கீல் பக்கம் மிக உயரமாக எழுந்து, திறக்கும் பக்கம் தாழ்ந்து வருகிறது. கீல்களுக்கு நடுவே தூரம் கூடியதால் இழுப்பு குறைந்தது, தலைக்கு மேல் உத்தரமும் தேவைப்படவில்லை. டிராகனின் இறக்கை கம்பி வலை, ஆகவே எடையும் குறைவு, காற்றும் ஊடுருவிப் போகும். சிற்பியின் கற்பனையும் எடைக் கணக்கும் அங்கே ஒரே கோட்டில் ஓடுகின்றன.

கிராஸ் சப்போர்ட் வைத்தால் டிசைன் கெட்டுவிடாதா?

அதையே டிசைனாக்க வேண்டும். கதவு தொங்காமல் இருக்க இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, கீழ்க் கீல் மூலையிலிருந்து திறக்கும் பக்க மேல் மூலைக்குப் போகும் கனமான சட்டம். இது அழுத்தத்தைத் தாங்கும், ஆகவே வளையாத தடிமன் வேண்டும். மற்றது, மேல் கீல் மூலையிலிருந்து திறக்கும் பக்கக் கீழ் மூலைக்கு வரும் கம்பி. இது இழுவையைத் தாங்கும், மெல்லியதாக இருக்கலாம்.

இதை வைத்து யோசித்தால் படம் தானே வரும். அடியிலிருந்து சாய்ந்து எழும் மரக்கிளை முதல் வகை. மேலிருந்து வழிந்து இறங்கும் மயில் தோகை, தூண்டில் கயிறு, ஆலம் விழுது எல்லாம் இரண்டாம் வகை. பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் தவறு, மெல்லிய கம்பியை முதல் வகைத் திசையில் வைப்பது. பார்க்க ஒன்றும் தெரியாது. சில மாதத்தில் கம்பி வில்லாக வளைந்து, கதவு முனை தரையைத் தொடும்.

எடையை முன்கூட்டியே எப்படிக் கணக்கிடுவது?

1 சதுர மீட்டர் இரும்புத் தகடு, 1 மி.மீ. தடிமனுக்கு 7.85 கிலோ. இந்த ஒரு எண்ணை மனதில் வைத்தால் போதும். சதுரக் கம்பி 12 மி.மீ. என்றால் மீட்டருக்கு 1.13 கிலோ, 16 மி.மீ. 2 கிலோ, 20 மி.மீ. 3.14 கிலோ. 50 × 50 × 3 சதுரப் பைப் மீட்டருக்கு ஏறக்குறைய 4.3 கிலோ.

நம் உதாரணக் கதவு: சுற்றுச் சட்டம் 7.8 மீட்டரும் குறுக்குச் சட்டங்கள் 4.3 மீட்டரும் பைப்பில், 52 கிலோ. 3 மி.மீ. தகட்டில் வெட்டிய உருவம், பரப்பில் 60 சதவீதம் மிஞ்சினால் 53 கிலோ. அடித்து வளைத்த 16 மி.மீ. கம்பி 15 மீட்டர், 30 கிலோ. கீல், பூட்டு, தாழ் 10 கிலோ. மொத்தம் 145. வெல்டிங்கும் பெயின்டும் சேர்ந்தால் 150. தகட்டை 5 மி.மீ. ஆக்கினால் ஒரு கதவுக்கு 36 கிலோ கூடும். வாசலில் நின்று பார்ப்பவருக்கு 3 மி.மீ.க்கும் 5 மி.மீ.க்கும் வித்தியாசம் தெரியாது. கனமாகத் தெரிய வேண்டிய இடத்தில் தகட்டின் ஓரத்தை மடித்துவிடுங்கள், அல்லது ஓரத்தில் ஒரு ஃப்ளாட் பட்டையைச் சுற்றி வெல்டு செய்யுங்கள்.

ஏற்கெனவே இருக்கும் செங்கல் தூணில் மாட்டலாமா?

இந்த எடைக்கு வேண்டாம். செங்கல் தூண் மேலிருந்து அழுத்தும் பாரத்தைத் தாங்கும், பக்கவாட்டில் இழுத்தால் தாங்காது. மேல் கீலின் மட்டத்தில் முதலில் பூச்சில் தலைமுடி விரிசல் வரும், பிறகு தூணில் பதித்த ஹோல்ட்ஃபாஸ்ட் என்னும் இரும்புப் பிடி ஆடும், பிறகு செங்கல் வரிசையே நகரும்.

300 × 300 மி.மீ. கான்கிரீட் தூண், நான்கு 16 மி.மீ. கம்பி, 150 மி.மீ.க்கு ஒரு 8 மி.மீ. ரிங், குறைந்தது 4 அடி ஆழ அஸ்திவாரம் என்பது நம் உதாரணக் கேட்டுக்கு ஏற்ற தொடக்கம். கரிசல் மண்ணில் தூண் சாயும். அங்கே இரண்டு தூண்களின் அடியையும் வாசல் தரைக்குக் கீழே ஒரு கான்கிரீட் பீமால் இணைத்துவிட வேண்டும். ஒரு கதவு 200 கிலோவைத் தாண்டினால் கட்டுமானப் பொறியாளரிடம் கணக்குக் கேட்பதுதான் முறை.

கீல் வரும் இடத்தில், பின்புறம் 12 மி.மீ. கம்பி வெல்டு செய்த 10 மி.மீ. பிளேட்டைக் கான்கிரீட் போடும்போதே பதிக்க வேண்டும். பிறகு துளைத்து போல்ட் அடிப்பது இரண்டாந்தர வழி, தூணின் ஓரத்துக்கு அருகில் என்றால் கான்கிரீட் பிளந்துவிடும். தூண் வார்த்து 28 நாள் ஆகும்முன் கதவைத் தொங்கவிடாதீர்கள். கிரகப்பிரவேச நாளைச் சொல்லி அவசரப்படுத்தினால், கதவைத் தற்காலிகமாகக் கட்டைமேல் நிறுத்தி வையுங்கள்.

எந்த மாதிரிக் கீல்?

கடையில் விற்கும் புஷ் கீல் 60, 70 கிலோ கதவுக்குச் சரி. அதற்கு மேல், எடை முழுவதையும் கீழே ஒரு த்ரஸ்ட் பேரிங் தாங்க வேண்டும், மேலே 25 மி.மீ. பின்னும் அது சுழலும் குழலான புஷ்ஷும் பக்கவாட்டுக்கு மட்டும். கீழே கிண்ணத்தைத் தரையிலும் பின்னைக் கதவிலும் வைப்பது வழக்கமான தவறு. அந்தக் கிண்ணத்தில் மழைநீரும் வாசல் தெளிக்கும் தண்ணீரும் மணலும் சேரும். கிரீஸோடு கலந்து சாம்பல் நிறச் சாந்தாகி, எமரி போலப் பின்னைத் தேய்க்கும். தலைகீழாக வையுங்கள்: பின் தரையிலிருந்து நிமிரட்டும், கிண்ணம் கதவிலிருந்து கவிழட்டும். கிரீஸ் நிப்பிள் கைக்கு எட்டும் பக்கத்தில் வர வேண்டும். சிற்பத்தின் இலைக்குப் பின்னால் ஒளிந்துவிட்டால் யாரும் கிரீஸ் அடிக்க மாட்டார்கள்.

இரும்பா, எஸ்.எஸ்.ஸா, கார்டென் ஸ்டீலா?

அடித்து, வளைத்து, திருகி, உருவம் கொடுக்க எம்.எஸ். என்னும் சாதா இரும்புக்கு இணை இல்லை. மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த சூட்டில் களிமண்போல வளையும். மங்கிய சிவப்புக்கு இறங்கியதும் அடிப்பதை நிறுத்தி மறுபடி சூடேற்ற வேண்டும், இல்லையென்றால் மடிப்பில் வெடிப்பு விழும். துருவை மட்டும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எஸ்.எஸ். என்னும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எடுத்தால் கிரேடு முக்கியம். 202 மலிவு, உப்புக்காற்றில் சீக்கிரம் பழுப்பாகும். 304 கடலிலிருந்து தள்ளிய ஊர்களில் நன்றாக நிற்கும், ஆனால் கடலோரத்தில் தேநீர்க் கறைபோலப் படியும். கடற்கரையை ஒட்டிய வீட்டுக்கு மாலிப்டினம் சேர்ந்த 316தான். காந்தம் வைத்து 304-ஐ உறுதி செய்ய முடியாது, 202-லும் காந்தம் ஒட்டாது. உருக்காலை தரும் மில் சான்றிதழைக் கேளுங்கள், அல்லது கிரேடு பார்க்கும் சொட்டு மருந்தால் சோதியுங்கள். எம்.எஸ்.ஸோடு எஸ்.எஸ்.ஸைச் சேர்த்து வெல்டு செய்ய 309எல் வெல்டிங் குச்சி வேண்டும்.

கார்டென் ஸ்டீல் துருவையே போர்வையாக்கிக்கொள்ளும் என்பது உண்மை, ஆனால் நனைந்து, முழுதாக உலர்ந்து, மறுபடி நனைந்தால்தான் அந்தப் போர்வை இறுகும். உப்புப் படியும் கடலோரத்தில் அது இறுகாமல் செதில் செதிலாக உதிரும். கடலிலிருந்து தள்ளிய ஊரிலும் முதல் சில மழைக்குத் துருநீர் வடிந்து தூணிலும் கிரானைட்டிலும் ஆரஞ்சுக் கோடு போடும். அடியில் சரளைக்கல் பட்டை விட்டால் தப்பிக்கலாம்.

செம்பு, பித்தளை உருவங்களை இரும்பில் பொருத்தலாமா?

பொருத்தலாம், நேராகத் தொடவிடக் கூடாது. இரண்டு உலோகமும் தொட்டு நனைந்தால் இரும்புதான் அரிக்கும். நடுவே ரப்பர் அல்லது நைலான் வாஷரும், போல்ட்டைச் சுற்றி நைலான் குழலும் வையுங்கள். செம்பின் மேல் விழுந்த நீர் இரும்பின் மேல் வடியாதபடி அமைப்பதும் அவசியம்.

தங்க நிறப் பூச்சு மட்டும் வெளிவாசலில் நம்பக் கூடியது இல்லை. பிளாரன்ஸில் சிற்பி கிபெர்ட்டி 1425 முதல் 1452 வரை செய்த, பத்துப் பலகைகள் கொண்ட 'சொர்க்க வாயில்' வெண்கலத்தின் மேல் உண்மையான தங்கம் ஏற்றியது. அதிலேயே ஈரத்தில் தங்கத்துக்கு அடியில் உப்புகள் உருவாகி, தங்கத்தைக் கொப்புளமாகத் தூக்கின. 1990-இல் மூலக் கதவைக் கழற்றி எடுத்து அங்கே நகலை மாட்டினார்கள். மூலம் இன்று அருங்காட்சியகத்தில், ஈரம் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

லேசர் கட்டிங் போதுமா, கையால் அடிக்க வேண்டுமா?

லேசரில் வெட்டிய தட்டைத் தகடு மட்டும் சிற்பம் ஆகாது என்பது எங்கள் கருத்து. அது நல்ல கோலம். ஒளி மாறும்போது மாறாது, பக்கவாட்டில் நின்று பார்த்தால் 3 மி.மீ. கோடாக மறைந்துவிடும். ஆனால் லேசரில் வெட்டிய பிறகு நரம்பை உளியால் அடித்து, ஓரத்தைத் தூக்கி, இரண்டு மூன்று அடுக்காக 20, 30 மி.மீ. இடைவெளியில் வைத்தால் நிழல் விழும், உயிர் வரும். காலை எட்டு மணி வெயிலில் அடித்த தகட்டின் ஒவ்வொரு சுத்தியல் பள்ளத்திலும் ஒரு சின்ன வெளிச்சம் நிற்கும். வாங்கிய பூவில் அது வராது.

லேசருக்குப் படம் கொடுக்கும்போது மூன்றைப் பாருங்கள். உள்வட்டம் தனியாகக் கழன்று விழாதபடி பாலம் விட வேண்டும், 'ஓ', 'ஞ' போன்ற எழுத்துகளில் இது தவறாமல் மறந்துபோகும். பாலமும் துளையும் தகட்டின் தடிமனைவிடக் குறுகலாக இருக்கக் கூடாது. ஆக்சிஜன் வைத்து வெட்டிய ஓரத்தில் கருநீல ஆக்சைடு படலம் இருக்கும். அதன் மேல் அடித்த பெயின்ட் படலத்தோடு சேர்ந்து உரியும். ஃப்ளாப் டிஸ்க்கால் எல்லா ஓரத்தையும் தேய்த்து, கூர்முனையை 2 மி.மீ. உருட்டிவிட வேண்டும். கூரான விளிம்பில் பெயின்ட் மெலிந்துபோகும், துரு முதலில் எட்டிப்பார்ப்பது அங்கேதான். இந்தத் தேய்ப்பு வேலைக்கு வெட்டுவதைவிட அதிக நேரம் ஆகும். கூலி பேசும்போதே இதைச் சேர்த்துப் பேசுங்கள்.

வெல்டிங்கில் கதவு முறுக்கிக்கொள்கிறதே, ஏன்?

ஒரே மூலையில் தொடங்கி நீளமாக இழுத்துக்கொண்டே போவதால். வெல்டு ஆறும்போது சுருங்கும், சுருங்கும் பக்கம் சட்டம் இழுபடும். மட்டமான மேசையில் கிளாம்ப் போட்டு, முதலில் எல்லா இடத்திலும் டேக் என்னும் புள்ளி வெல்டு மட்டும் வைத்து, இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். பிறகு எதிரெதிர் மூலைகளில் 40, 50 மி.மீ. துண்டு துண்டாக வெல்டு செய்யுங்கள். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. அலங்காரப் பகுதிக்கு 6013 குச்சி போதும். கீல் பிளேட், கிராஸ் சப்போர்ட் முனை இரண்டுக்கும் 7018, அதுவும் உலர்த்திய குச்சி.

வெளியே தெரியாது என்று சட்டத்துக்கும் தகட்டுக்கும் நடுவே இடைவெளி விட்டுவிட்டு வெல்டு செய்தால், அந்த முடியளவு சந்தில் நீர் ஏறும், பிரஷ் போகாது. ஆறு மாதத்தில் வெள்ளைத் தூணில் பழுப்புக் கண்ணீர். சந்தை முழுக்க வெல்டால் அடையுங்கள், முடியாத இடத்தில் பிரைமருக்குப் பிறகு பெயின்ட் பிடிக்கும் பியூ (பாலியூரிதேன்) சீலன்ட் வையுங்கள்.

பைப் உள்ளிருந்து துருப்பிடிக்குமா?

இதனால்தான் பெரும்பாலான கேட்டுகள் சாகின்றன. கீழ்ச் சட்டத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், துவரம்பருப்பு அளவுக்குப் பெயின்ட் உப்பியிருக்கும். ஊசியால் குத்தினால் கருப்புத் தண்ணீர் வரும், ஸ்க்ரூடிரைவரை அழுத்தினால் உள்ளே போய்விடும். வெளியிலிருந்து வந்த துரு இல்லை அது. பூட்டுத் துளை, திருகுத் துளை, பாதி வெல்டு வழியாக மழைநீர் உள்ளே போய் கீழ்ப் பைப்பில் தேங்கியது.

ஒன்று முழுக்க அடையுங்கள், அல்லது முழுக்க வடியவிடுங்கள். பாதி வழி கிடையாது. கீழ்ச் சட்டத்தின் அடியில், இரண்டு முனையிலும் நடுவிலும் 8 மி.மீ. துளை போட்டுவிட்டால் போதும். உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் ஹாட் டிப் கால்வனைசிங் செய்வதாக இருந்தால் துளை கட்டாயம். 450 டிகிரி துத்தநாகத் தொட்டியில் மூடிய பைப் இறங்கினால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெடிக்கும், ஆள் உயிருக்கே ஆபத்து. மெல்லிய பெரிய தகடு அந்தச் சூட்டில் அலைபோல நெளியும் என்பதால், சட்டத்தை மட்டும் கால்வனைஸ் செய்து தகட்டு உருவத்தைத் தனியாக போல்ட்டில் மாட்டுவது நல்ல வழி. கால்வனைஸ் ஆன பிறகு வெல்டு செய்யாதீர்கள். பூச்சு போய்விடும், வெள்ளைப் புகை வெல்டருக்குக் காய்ச்சல் தரும்.

பெயின்ட் எத்தனை கோட், எது?

புது இரும்பில் இருக்கும் மில் ஸ்கேல் என்னும் கருநீலப் படலத்தை எடுக்காமல் ரெட் ஆக்சைடு அடித்து எனாமல் பூசுவது ஊர் வழக்கம். அந்த ஸ்கேல் கழலும்போது மேலே உள்ள எல்லாமும் கழலும். மணல் பீய்ச்சும் பிளாஸ்டிங் செய்ய முடிந்தால் அதுவே சிறந்தது. செய்த நான்கு மணி நேரத்துக்குள், ஈரக்காற்று நாளில் அதற்கும் முன்பே, பிரைமர் ஏற வேண்டும். ஜிங்க் பாஸ்பேட் கலந்த எபாக்சி பிரைமர் 60 மைக்ரான், அதற்கு மேல் பியூ பெயின்ட் இரண்டு கோட், சேர்த்து 80 மைக்ரான். எபாக்சியையே மேல்கோட்டாக விட்டால் வெயிலில் சுண்ணாம்புபோல வெளுக்கும். வெல்டு, விளிம்பு, மூலை மூன்றுக்கும் ஸ்ப்ரே அடிப்பதற்கு முன் பிரஷ்ஷால் ஒரு கோட் தனியாகத் தீட்டுங்கள். ஸ்ப்ரே உள்மூலைக்குள் போகாது.

பவுடர் கோட்டிங் நேர்த்தியாக வரும், 180–200 டிகிரி அடுப்பில் வேகும். அடுப்பின் அளவைப் படம் வரையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அடுக்கடுக்கான உருவத்தின் பின்பகுதியில் பவுடர் ஒட்டாமல் போவதும் உண்டு, ஆகவே அடுக்குகளைத் தனித்தனியாகக் கோட் செய்து போல்ட்டில் சேருங்கள். மாட்டும் இடத்தில் ஒரு வெல்டு வைத்தாலும் அந்த இடத்துக்கு மட்டும் ஆயுள் குறைவு.

கரி நிறம், அடர் பழுப்பு, மங்கிய பச்சை ஆகிய மேட் நிறங்களில் உருவம் தெரியும். பளபளக்கும் கருப்பில் வீதியின் பிரதிபலிப்புதான் தெரியும்.

புயல் காற்றில் நிற்குமா?

காற்றழுத்தம் 0.6 × வேகத்தின் இருமடி. ஐ.எஸ். 875 என்னும் இந்தியத் தரநிலையில் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன், ஏறக்குறைய 150 கிலோ. மதுரை, கோவைக்கு 39 மீட்டர், அதாவது 93 கிலோ. நம் உதாரணக் கதவை முழுத் தகடால் மூடினால் சென்னையில் ஒரு கதவின் மேல் 570 கிலோ. 40 சதவீதம் திறப்பு விட்டால் கணிசமாகக் குறையும். உருவத்துக்கு நடுவே விடும் வெற்றிடம் கண்ணுக்கும் நல்லது, கீலுக்கும் நல்லது. மறைப்பு வேண்டும் என்பவர்கள் பின்னால் முழு ஷீட் அடிக்கச் சொல்வார்கள். அதற்குப் பதில் கண் மட்டம்வரை மட்டும் துளையிட்ட தகடு வையுங்கள்.

இரு கதவுக்கும் 20 மி.மீ. கீழ்த் தாழ், தரையில் 150 மி.மீ. ஆழக் குழல். குழலின் அடியைச் சிமென்ட்டால் அடைக்காமல் ஜல்லியில் விட்டால் மண்ணும் நீரும் கீழே இறங்கும்.

குழந்தைகள் உள்ள வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

தலை நுழைந்து மாட்டும் இடைவெளி வேண்டாம்: ஏறக்குறைய 100 மி.மீ.க்கு மேல் எந்தச் சந்தும் கீழ்ப் பாதியில் இருக்கக் கூடாது. கீல் பக்கச் சந்து விரல் நசுங்கும் இடம். 8 மி.மீ.க்குக் குறைவாகவோ 25 மி.மீ.க்கு அதிகமாகவோ வையுங்கள். மீன் முள், பறவை அலகு, இலை நுனி எல்லாம் முகத்தின் உயரத்தில் கதவுத் தளத்தைவிட்டு வெளியே நீட்டக் கூடாது. கிடைமட்டக் கிளைகள் ஏணியாகும், பிள்ளைகள் ஏறி ஆடுவார்கள். கீல் கணக்கில் திறக்கும் முனையில் 40 கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

பின்பக்கம் எப்படி இருக்க வேண்டும்?

படம் வரையும் எல்லோரும் மறப்பது இதைத்தான். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று தொடங்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் சிற்பி பி.வி. ஜானகிராம் தகட்டை அடித்து, கம்பிகளை ஒட்டிச் செய்த உருவங்கள் முன்னிருந்து பார்க்கவே அமைந்தவை. அவை சுவரை முதுகாக வைத்து நிற்கலாம். கேட்டுக்கு அந்த வசதி இல்லை. வீதியில் போகிறவர் ஒரு பக்கம் பார்ப்பார், வீட்டுக்காரர் நாள் முழுக்க மறுபக்கம் பார்ப்பார். இரு முகமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. வெளியே பறவை, உள்ளே அதன் கூடு என்றும் வைக்கலாம். ஆனால் உள்ளே வெறும் ஆங்கிளும் வெல்டுத் தழும்பும் தெரிந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். திறந்து கிடக்கும்போது என்ன தெரியும் என்பதையும் யோசியுங்கள். நடுவில் பிளந்து நிற்கும் முகம் பார்க்க நன்றாக இராது. பிளக்கும் கோட்டை உருவத்தின் ஓரத்தோடு வளைத்து ஓட்டலாம், ஆனால் எந்தக் கதவு முதலில் திறக்கும் என்பதை அது தீர்மானித்துவிடும்.

பட்டறையோடு என்ன பேசி எழுதிக்கொள்ள வேண்டும்?

கிலோ கணக்கில் கூலி பேசாதீர்கள். கனம் கூடினால் காசு கூடும் என்றால் கேட் கனமாகத்தான் வரும். சிற்ப வேலையில் இரும்பின் விலையைவிட கை நேரம்தான் அதிகம், ஆகவே வேலை மொத்தத்துக்கும் பேசி, நான்கு கட்டமாகப் பணம் கொடுங்கள்: படம் ஒப்புதல், சட்டம் டேக் ஆனதும், பெயின்ட்டுக்கு முன், மாட்டி முடித்ததும். மூன்றாவது கட்டத்தில் நேரில் போய்ப் பார்ப்பது அவசியம். பெயின்ட்டும் பட்டியும் ஏறிவிட்டால் எந்த வெல்டும் நல்ல வெல்டாகத்தான் தெரியும்.

ஒப்புதலுக்குச் சின்னக் காகிதப் படம் போதாது. பட்டறைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் முழு அளவில் வரையச் சொல்லுங்கள். அட்டையில் ஓர் உருவத்தையாவது வெட்டி வாசலில் கட்டி, வீதியின் எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள். காகிதத்தில் நுணுக்கமாக இருந்தது அங்கிருந்து வெறும் கசகசப்பாகத் தெரியும்.

தானியங்கி மோட்டார், ஸ்லைடிங் கேட்?

மோட்டாரின் கை மாட்டும் இடத்தில் தகடு மட்டும் இருந்தால் கிழியும், சட்டம் வர வேண்டும். ஒயருக்குக் குழாயைத் தூண் வார்க்கும்போதே போடுங்கள். ஸ்லைடிங் என்றால் மேலே வழிகாட்டி உருளையும், இரு முனையிலும் அசையாத ஸ்டாப்பரும் இல்லாமல் ஒரு நாள்கூட விடாதீர்கள். தடத்தைத் தாண்டி ஓடிய கதவு ஆள் மேல் சாயும்.

மாட்டும் நாளில் எதைச் சரிபார்க்க வேண்டும்?

வாசல் சரிவு உள்நோக்கி ஏறினால், மூடியபோது 50 மி.மீ. இடைவெளி இருக்கும் கதவு திறந்தபோது தரையில் முட்டும். கதவு போகும் வளைவு முழுக்க மட்டக்குழாயால் முன்பே பார்த்திருக்க வேண்டும். நடுச்சந்து 8 முதல் 10 மி.மீ. போதும். வெயிலில் இரும்பு விரியுமே என்று பயப்பட வேண்டாம், 3.6 மீட்டர் இரும்பு 30 டிகிரி கூடினால் 1.3 மி.மீ.தான் நீளும். திறக்கும் முனையை 5 மி.மீ. தூக்கி மாட்டுங்கள், எடை படிந்ததும் மட்டத்துக்கு வரும். எந்த நிலையில் விட்டாலும் கதவு அங்கேயே நிற்க வேண்டும். தானே நகர்ந்தால் கீல்கள் ஒரே செங்குத்துக் கோட்டில் இல்லை.

கதவு தொங்கிவிட்டது. எங்கே கோளாறு?

முனையைக் கையால் தூக்கிப் பாருங்கள். தூக்கும்போது மேல் கீலில் பின் ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது, புஷ்ஷை மட்டும் மாற்றினால் போதும். பின் ஆடாமல் பிளேட்டோ பூச்சோ அசைந்தால் தூணில் கோளாறு, கதவைக் கழற்றாமல் தீராது. இரண்டும் அசையாமல் கதவின் மூலைவிட்டம் மட்டும் மாறியிருந்தால் கிராஸ் சப்போர்ட் வளைந்திருக்கிறது, அல்லது அதன் முனை வெல்டு விட்டிருக்கிறது. அடியில் கட்டை வைத்து ஜாக்கியால் மட்டத்துக்குத் தூக்கி, மூலைவிட்டம் சரியான பிறகுதான் வெல்டு வைக்க வேண்டும். தொங்கிய நிலையிலேயே வெல்டு செய்து, தாழ் துளையை மட்டும் கீழே இறக்கிக்கொடுக்கும் பட்டறைகள் உண்டு. அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் அந்தத் துளையும் போதாமல் போகும்.